சாரங்கபாணியின் ஃபாலோயர்கள்

சமூக ஊடக வணிகம் 2004 பிப்ரவரியில், ஹார்வர்டு மாணவர் விடுதியின் ஓர் அறையில், மார்க் சக்கர்பெர்க்கின் கணினியிலிருந்து சுயம்புவாகத் தோன்றியது என்பது டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்புகளின் தலபுராணம். அதற்கு முன் உலகம் இருளில் கிடந்ததாம். மனிதருக்கு நண்பர் கிடையாது, லைக் கிடையாது. கத்தரிக்காய் வாங்கியவன் அது சொத்தையா நல்லதா என்று பக்கத்து வீட்டில் மூச்சு விட்டதில்லை. பிறகு ஒளி வந்தது. 'முதலில் கூட்டத்தைச் சேர், பிறகு சரக்கை எடு' என்ற மகாவாக்கியமும் கூடவே பிறந்தது. சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் உட்காரத் தயாராக இருந்தால் இதே ஒரு வாக்கியத்தை நாற்பது ஸ்லைடுகளில் உபதேசிக்க ஆள் இருக்கிறார்கள்.

புராணத்தில் ஒரு சின்னச் சிக்கல். நம்மவர்கள் இதை எல்லாம் ஏற்கெனவே செய்து, அலுத்து, அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

பத்துப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஐந்து ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிறவன், எதிரே பட்டினி முகத்தோடு வருகிறவனை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்ன சோறு போடுவான், இன்னது தருவான் என்று விலாவாரியாகச் சொல்லி அனுப்பிவைக்கிறான். இன்றைக்கு இதற்கு ரெஃபரல் திட்டம் என்று பெயர். அனுப்பியவனுக்குக் கமிஷன் எவ்வளவு என்பதற்கு மட்டும் நச்சினார்க்கினியர் உரை எழுதவில்லை.

சங்க காலம் வெகு தூரம் என்பவர்களுக்குச் சிங்கப்பூரின் மார்சிலிங் போதும். எம்ஆர்டியில் வடக்கே போனால், ஜோகூர் கடற்பாலத்துக்கு ஏறக்குறைய கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1996-ல்தான் அந்த எம்ஆர்டி வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே இந்த வட்டாரத்தில் ஒரு பெரிய இன்ஃபுளுயன்சர் வாழ்ந்தார். பெயர் லிம் நீ சூன். 1879-ல் பிறந்தவர். ரப்பரும் அன்னாசியும் போட்டு, அன்னாசி மன்னர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் அவருடைய உண்மையான விளைச்சல் பெயர்ப்பலகைகள். நீ சூன் கிராமம் அவர் பெயரில் அமைந்தது. பிற்காலத்தில் அதே பெயரைச் சீன மாண்டரின் உச்சரிப்பில் எழுதி ஈசூன் என்று ஒரு நகரத்துக்கே வைத்தார்கள். மார்சிலிங் என்பது சீனாவிலுள்ள அவருடைய பூர்வீக ஊரின் நினைவாக வந்த பெயர் என்பது வட்டார வரலாறு. 1936-ல் அவர் காலமானார். இன்றும் எம்ஆர்டிப் பெண்குரல் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அவர் பெயரையும் அவர் ஊரையும் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. செத்த பிறகு 'ரீச்' கூடிய ஒரே கணக்கு அநேகமாக அவருடையதுதான்.

அந்தப் பக்கம் சிராங்கூன் சாலையில் நம்மவர் ஒருவர் இதைவிட நுட்பமாக விளையாடினார். பி. கோவிந்தசாமி பிள்ளை, ஊர் வாயில் பிஜிபி. துணிக்கடை, மளிகை என்று கட்டிய வியாபாரத்தில் சம்பாதித்ததைக் கோயிலுக்கும் தருமத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். 1960களில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் அவர் கொடையில் ஒரு கல்யாண மண்டபம் எழுந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். தருமம் தருமம்தான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வியாபாரக் கண்ணால் ஒரு நிமிடம் பாருங்கள். அந்த மண்டபத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பத்திரிகை அடித்தார்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் இடம் என்ற வரியில் அவர் பெயர். அச்சுக்கூலி பெண் வீட்டார் செலவு. வீடு வீடாகக் கொண்டுபோய் மஞ்சள் தடவிக் கொடுப்பது இரு வீட்டார் பொறுப்பு. வாங்கியவர் அதைக் குப்பையில் போட மாட்டார், சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். இப்படி ஒரு விளம்பரப் பலகையை விற்க முகநூலிடம் இன்றுவரை இடமில்லை.

இனி நம் கதாநாயகன். 1924-ல் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தோரு வயது இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். கோ. சாரங்கபாணி. கையில் முதல் இல்லை, வாயில் பெரியார் இருந்தார். 1929 டிசம்பரில் பெரியாரே மலாயாவுக்கு வந்து போனதும் இளைஞருக்கு வேகம் பிடித்தது. 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935 ஜூலை 6-ல் அதன் குரலாகத் தமிழ் முரசு.

வாசகர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள், வடக்கே செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. இன்றைய வணிக ஆலோசகர் இந்தப் பட்டியலைப் பார்த்தால், சார், உங்கள் டார்கெட் ஆடியன்ஸுக்குப் படிக்கவே வராது, வேறு தொழில் பாருங்கள் என்று எழுந்துபோயிருப்பார். காப்பிக் கடை இருக்கும் ஊரில் அந்தக் கவலை எதற்கு? ஒருவர் உரக்கப் படித்தால் பத்துப் பேர் காது கொடுப்பார்கள். விற்பனை ஒன்று, பரவல் பத்து.

அடுத்து, இன்றைய அல்காரிதம் கோடி கோடியாகச் செலவழித்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரு தலையங்கத்தின் செலவில் செய்தார்: ஊரைச் சண்டைக்கு இழுத்தார். உடம்பை வருத்தி நேர்த்திக்கடன் செலுத்துவது கூடாது, தீமிதி வேண்டாம், அலகு வேண்டாம் என்று சீர்திருத்தக்காரர்கள் கிளம்பினார்கள். பக்தர்கள் கொதித்தார்கள். கொதித்தவர்களும் பேப்பரைப் பார்த்துத்தான் கொதிக்க வேண்டியிருந்தது. ஆதரித்தவன் ஒரு பிரதி, எதிர்த்தவன் ஒரு பிரதி. நாத்திகம் பேசிய பத்திரிகையைப் பாதி ஆத்திகர்கள் காப்பாற்றிய வரலாறு இதுவாகத்தான் இருக்கும்.

போருக்குப் பிறகு பெரிய ஆட்டம். 1950களின் தொடக்கத்தில் முரசில் மாணவர் மணிமன்றம் என்று ஒரு பகுதி வந்தது. சிறுவர்கள், இளைஞர்கள் எழுதி அனுப்பலாம். தேறினால் பெயரோடு அச்சில் வரும். தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு பையனின் பெயர் பேப்பரில் வந்தால் என்ன ஆகும்? அன்றைக்கு லயம் முழுவதும் அந்தப் பேப்பரைத் தேடும். அப்பா ஒன்று, மாமா ஒன்று, ஊருக்கு அனுப்ப ஒன்று. எழுதியவனே வாசகன், வாசகனே விற்பனையாளன். 'பயனர் தரும் உள்ளடக்கம்' என்று இப்போது இதற்குப் பெருமையாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பையன்கள் பேப்பரோடு நிற்கவில்லை, ஊர் ஊராக மன்றம் கட்டினார்கள், கூட்டம் போட்டார்கள், பேசினார்கள். மலேசியாவில் அந்த மணிமன்றம் ஒரு பேரவையாகவே வளர்ந்தது. கோலாலம்பூர் தமிழ் நேசன் பத்திரிகையும் சும்மா இருக்கவில்லை. 1950-ல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் இருவரையும் வைத்துக் 'கதை வகுப்பு' நடத்தியது. கதை எழுதுவது எப்படி என்று பேப்பரிலேயே பாடம். வாசகனையே எழுத்தாளனாக்கும் கலையில் இன்றைய செயலிகள் ஒன்றும் முன்னோடிகள் அல்ல.

கூட்டம் சேர்ந்துவிட்டது. அதை வைத்து சாரங்கபாணி என்ன விற்றார்? இங்கேதான் மார்க்கெட்டிங் வாத்தியாருக்குத் தலை சுற்றும். அன்றைய மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இந்திய இயல் துறை தொடங்க யோசித்தது. ஆலோசனை சொல்ல வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்குப் பரிந்துரைத்தார். முரசு முழங்கியது. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டல் ஆரம்பம். மூட்டை தூக்கியவரும் பால் வெட்டியவரும் பல்கலைக்கழகத்துக்குள் ஒருநாளும் கால் வைக்கப் போவதில்லை என்று தெரிந்தே காசு கொடுத்தார்கள். துறையில் தமிழ் வந்தது. இன்று இதைக் கிரவுட்ஃபண்டிங் என்கிறோம். அப்போது அதைத் தன்மானம் என்று சொல்லி வசூலித்தார்கள், ரசீது பேப்பரிலேயே வந்தது. 1957-ல் குடியுரிமைச் சட்டம் வந்ததும் அதே கூட்டத்தை, பதிந்துகொள் பதிந்துகொள் என்று நச்சரித்துக் குடிமக்களாக்கப் பாடுபட்டார். பட்டனை அமுக்கச் சொல்லிக் கெஞ்சுகிற இன்றைய யூடியூபர்கள் எல்லாம் அந்த நச்சரிப்பின் கொள்ளுப்பேரன்கள்.

ஆக அவர் விற்றது பேப்பர் அல்ல. பேப்பர் கூடவே ஒட்டிக்கொண்டு விற்றது. 1974-ல் அவர் மறைந்த பின்னும் அது விற்றது, இன்னும் வருகிறது.

நடுவே வானொலி யுகத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரு பாட்டைக் கேட்க விரும்பி, கூடவே அம்மா, அப்பா, சித்தி, சித்தியின் மூன்று பிள்ளைகள், அலுவலக நண்பர்கள் என்று பதினைந்து பெயர்களை அறிவிப்பாளர் மூச்சு வாங்க வாசித்த அந்த நேயர் விருப்பம்தான் 'டேக்' செய்வதன் ஆதி வடிவம். பாட்டு மூன்று நிமிடம், பெயர் நான்கு நிமிடம்.

பிறகு இணையம். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் வலையேற்றினார்கள். அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். தமிழ்ப் பக்கத்துக்குப் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்கு ஆசிரியர், 'கணியன்' மென்பொருளைச் செய்தவர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ துணை நின்றார். உலக வலையில் முதன்முதலாக ஏறிய தமிழ்ப் பக்கங்களில் இவையும் உண்டு. கவனியுங்கள்: ஏறியது கவிதை. புடவைத் தள்ளுபடி அல்ல, மசாலாத் தூள் அல்ல. எந்த ஊடகம் வந்தாலும் முதலில் ஒரு கவிதையை ஏற்றிவிட்டு, பிறகு, ஆமாம், இதில் காசு வருமா என்று யோசிப்பது தமிழர் மரபு.

காசு வராததற்கு எழுத்துருவும் காரணம். அது ஒரு பொற்காலம். இதழுக்கு ஓர் எழுத்துரு, தளத்துக்கு ஓர் எழுத்துரு. அவரவர் எழுத்துருவைத் தரவிறக்காவிட்டால் திரை முழுவதும் ஐரோப்பிய மந்திர எழுத்துகள். கடையின் ஷட்டரைத் திறக்க வாடிக்கையாளரே வீட்டிலிருந்து சாவி செய்துகொண்டு வர வேண்டும் என்கிற மாதிரியான வியாபாரம். இதற்கு ஒரு முடிவு கட்டவே 1997 மே மாதம் சிங்கப்பூரில் கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்தது. ஒரே தரம் வேண்டும் என்று கூடியவர்கள் தாம், தாப் என்று இரண்டு தரங்களோடு வெளியே வந்தார்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த திஸ்கியும் போக மாட்டேன் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டது. அந்த ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். 2000-ல் மறுபடி சிங்கப்பூரில் கூடி 'உத்தமம்' என்று உலக அமைப்பே கண்டார்கள். கடைசியில் யூனிகோடு வந்து பஞ்சாயத்தை முடித்தது. ஆனால் ஒன்று. அந்த எழுத்துருச் சண்டையில் மின்னஞ்சலில் முறைத்துக்கொண்ட அத்தனை பேரும் அதன் வழியாகவே ஒருவரையொருவர் அறிந்தார்கள். உலகெங்கும் சிதறிக் கிடந்த கணினித் தமிழர்களை ஒன்று சேர்த்தது எழுத்துரு அல்ல, எழுத்துரு பற்றிய சண்டை.

கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சரக்கை மட்டும் வீசியவர்களும் இருந்தார்கள். குறுஞ்செய்தி, தொலைபேசி, கடன் வேண்டுமா, வீடு வேண்டுமா. அவர்களுடைய தொல்லை தாளாமல் 2014 ஜனவரி 2 முதல் சிங்கப்பூரில், என்னை அழைக்காதே என்று எண்ணைப் பதிந்துவைக்க ஏற்பாடு வந்தது. விற்பனைச் செய்திக்குத்தான் தடை. பெரியம்மா காலையில் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கத்துக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

அந்த ரோஜாப்பூ விழும் இடம் மார்சிலிங் புளோக் ஒன்றின் வாட்ஸ்அப் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன நடக்கும்? மின்தூக்கி நின்றுவிட்டது. கடற்பாலத்தில் நெரிசல், பாலத்தைப் பார்க்க முடிகிற மாடிக்காரர் படம் பிடித்துப் போடுகிறார், ஜோகூருக்குக் கிளம்பியவர்கள் திரும்பிப்போய் சட்டையைக் கழற்றுகிறார்கள். பூனையைக் காணவில்லை. 2024 செப்டம்பர் வரை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் பூனை வளர்ப்பதே விதிமீறல் என்பதால் அந்த அறிவிப்பு அதுவரை ஒப்புதல் வாக்குமூலமாகவும் இருந்தது. இதற்கு நடுவில் தீபாவளிக்கு இருபது நாள் முன்பு ஒரு ஆன்ட்டி, முறுக்கு, அதிரசம், ஆர்டர் எடுக்கிறேன் என்று ஒரு வரி போடுவார். அரை மணி நேரத்தில் ஆர்டர் முடிந்துவிடும். அதே குழுவில் நேற்றுச் சேர்ந்து, மின்னும் எழுத்தில் படத்தோடு முறுக்கு விளம்பரம் போட்டவரை யாரும் சீந்த மாட்டார்கள். ஆன்ட்டிக்கும் அவருக்கும் வித்தியாசம் உப்புக் காரம் அல்ல. பூனை தொலைந்த அன்று டார்ச் எடுத்துக்கொண்டு கீழே இறங்கியவர் ஆன்ட்டி.

2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது இது பெரிய அளவில் நிரூபணமானது. உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. வீட்டில் சமைத்து விற்பதைக்கூட ஏப்ரல் 21 முதல் மே 12 வரை நிறுத்தினார்கள். மெல்வின் சியூ என்ற வாத்துச் சோற்றுக் கடைக்காரர் முகநூலில் 'ஹாக்கர்ஸ் யுனைடெட்' என்று ஒரு குழு தொடங்கி, சக கடைக்காரர்கள் எல்லாரும் வந்து அவரவர் சாப்பாட்டைப் போடுங்கள் என்று கூப்பிட்டார். சில வாரங்களில் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மார்க்கெட்டிங் பாடத்தின்படி அவர் செய்தது முதல் தர முட்டாள்தனம்: போட்டிக் கடைகளுக்கு இலவசமாக மேடை போட்டுக் கொடுத்தார். ஊர் முழுக்கப் பெயர் தெரிந்த வாத்துக்காரர் அவர்தான் என்பது அந்த முட்டாள்தனத்தின் லாபக் கணக்கு.

சாரங்கபாணி இன்று மார்சிலிங்கில் ஒரு மூவறை வீட்டில் குடியிருந்தால் வகுப்புக்கெல்லாம் போக மாட்டார். குழுவில் சேர்ந்த முதல் இரவே, 'நம் புளோக்கில் தைப்பூசத்துக்கு ஒலிபெருக்கி வேண்டுமா, வேண்டாமா?' என்று ஒரே ஒரு கேள்வியைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார். விடிவதற்குள் இருநூறு பதில், நான்கு பேர் வெளியேற்றம், மூன்று பேர் திரும்பச் சேர்ப்பு, ஒரு சமாதானக் குழு, அதற்கு ஒரு துணைக் குழு. காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, அவர் சந்தா விவரத்தைப் போடுவார். இரண்டு கட்சியும் கட்டும்.