பார்க்காத கோட்டை

தொண்ணூறுகளின் நடுவில் புத்தளத்துப் பையன்கள் கற்பிட்டிக்குப் போவதென்றால் வீட்டில் ஒரு பொய் வேண்டும். எங்கள் பொய் கணக்கு வகுப்பு. உம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் சோற்றுப் பார்சலில் ஒரு பொரித்த முட்டையைக் கூடுதலாக வைப்பார். கணக்குப் படிக்கப் போகிறவனுக்குச் சோற்றுப் பார்சல் எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் விளக்கப் போகவில்லை.

பாலாவியில் பஸ் திரும்பினால் அப்புறம் களப்பும் தென்னையும் வெங்காயத் தோட்டமும்தான். கற்பிட்டியில் இறங்கி நேரே ஒல்லாந்தர் கோட்டை. போர்க்காலம், கோட்டை கடற்படையிடம். எதிரே நின்று மதிலைப் பார்த்தோம், வாசல் வளைவைப் பார்த்தோம், சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டோம், திரும்பினோம்.

உள்ளே போகாததால் சொல்ல நிறைய இருந்தது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கை முழுவதற்கும் ஒரு கெசற்றியர், அதாவது ஊர் விபர அகராதி, போட்டவர். நாங்கள் எங்களுடையதைத் திரும்பும் பஸ்ஸிலேயே எழுதி முடித்தோம். நுரைச்சோலை வரும்போது பீரங்கி பன்னிரண்டு. பாலாவியில் இருபது. புத்தளத்தில் இறங்கும்போது கோட்டைக்குள்ளிருந்து களப்புக்கு அடியால் ஒரு சுரங்கமே வந்துவிட்டது.

ஒருவன் மட்டும் இதில் சேரவில்லை. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவன். "நாங்க வந்து இறங்கின அன்றைக்கும் அது இப்படித்தான் மச்சான், பார்த்துக்கொண்டு நின்றது" என்றான். அன்றைக்கு அவன் சொன்னது அது ஒன்றுதான்.

இப்போது பொய் தேவையில்லை. மனைவிமார் மாத்திரைப் பெட்டியைக் கையில் கொடுத்துச் சந்தோஷமாக அனுப்பிவைக்கிறார்கள். ஏசி வேன். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள், கரையோரம் காற்றாலைகள், களப்பில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் பறக்கும் வெள்ளைக்காரர்கள். கற்பிட்டி உலகத்துக்கே தெரிந்த ஊராகிவிட்டது. எங்களைத்தான் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

கோட்டை இன்னும் கடற்படையிடம்தான். ஆனால் உள்ளே விடுகிறார்கள். அடையாள அட்டையைக் காட்டினோம். எங்கள் பிள்ளைகள் வயதில் ஒரு கடற்படைத் தம்பி "அங்கிள், மெதுவா" என்று கூட்டிப்போனார். மதில் முழுக்கப் பவளக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். கிட்டப் போனால் பவளப்பூச்சி விட்டுப்போன நட்சத்திரக் கண்கள் கல்லில் அப்படியே தெரிகின்றன, விரலை வைத்தால் சுரசுரக்கிறது. 1667இல் தொடங்கி 1676இல் முடித்தார்களாம். களப்பின் வாயை அடைத்தால் புத்தளம் வழியாக நடந்த கண்டி அரசனின் வியாபாரம் கையில் என்பதுதான் கணக்கு. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே கூரை போன தேவாலயச் சுவர், சிறைக்கூடம், களஞ்சியம். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் சுற்றி முடித்துவிட்டோம். எங்கள் கெசற்றியரில் இது எவ்வளவு பெரிய கோட்டை!

தம்பி வாசலைக் காட்டி அங்கே வழங்கும் கதையைச் சொன்னார். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தருக்குத் தேவாலயம் கட்டத்தான் அனுமதி கொடுத்தானாம், அதனால்தான் கோட்டை வாசலுக்கு மேல் மணிக்கூண்டாம். மன்னார்க்காரன் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தான். "இவங்களுக்கும் கணக்கு வகுப்புத்தான்" என்றான்.

சுரங்கம் எங்கே என்று கேட்டான், அன்றைக்கு அதைத் தோண்டிய கூட்டாளி. இப்போது கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். சுரங்கம் இருக்கிறதாகச் சொல்வார்கள், இப்போது மூடியாகிவிட்டது என்றார் தம்பி.

"பார்த்தியா மச்சான், நான் அப்பவே சொன்னேன்தானே!"

திரும்பும் வழியெல்லாம் போனில் மகனுக்குச் சுரங்கத்தை விவரித்துக்கொண்டு வந்தான். பாலாவி தாண்டும்போது அதற்குள் ஒரு லொறி போகலாம்.