பேய்க்குப் போட்ட மல்லாட்டை

நேவன், அயர்லாந்து
3.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாப்பாவின் படத்தைப் பார்த்துப் பயந்துபோய் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பதாகத் தம்பி சொன்னான். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. எலும்புக்கூடு அச்சடித்த கறுப்புச் சட்டை, கண்ணைச் சுற்றி என் கண்மை, அவ்வளவுதான். சாமிக்கு முடிந்த காசை அவிழ்க்கக் கூடாது என்பீர்கள். அவிழ்க்க வேண்டாம், வேண்டுதலை மட்டும் என் டிரைவிங் டெஸ்ட்டுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.

"பேய்க்கெல்லாமா திருவிழா எடுப்பாங்க?" என்று கேட்டீர்கள். எடுக்கிறார்கள். அதுவும் இந்த மீத் மாவட்டத்துக்காரர்கள், ஹாலோவீன் பிறந்ததே எங்கள் மண்ணில்தான் என்று மார்தட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்தே இங்கே சவ்வின் என்று ஒரு நாள் உண்டு. அறுவடை முடிந்து, கோடைக்கு மேட்டு நிலத்தில் விட்ட மாடுகளைக் கீழே ஓட்டிவந்து, குளிர்காலத் தீவனம் எத்தனை உருப்படிக்குத் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, மிச்சத்தை அறுத்துவிடுகிற காலம். அக்டோபர் 31 பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு அடுத்த வருடம் தொடங்கிவிடும். அந்த ஒரு ராத்திரி இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவிலுள்ள கதவு தாழ் போடாமல் கிடக்கும். செத்தவர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள், அவர்களோடு வேண்டாததுகளும் வரும். வேண்டியவர்களுக்கு அடுப்போரம் நாற்காலியும் சாப்பாடும். வேண்டாததுகளுக்கு அடையாளம் தெரியக்கூடாது என்று முகத்தில் கரி. வேஷம் போடுகிற பழக்கத்துக்கு இங்கே சொல்கிற காரணம் இதுதான்.

எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் தாரா குன்று. அதில் சுமார் 5,000 வருடத்துக் கல்லறை மேடு ஒன்று இருக்கிறது. நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் உதிக்கிற சூரியன் நேராக அதன் வாசலுக்குள் எட்டிப்பார்க்கும். மேற்கே ஆத்பாய் ஊருக்குப் பக்கத்தில் டிலாக்ட்கா என்று இன்னொரு குன்று. சவ்வின் அன்று அங்கேதான் பெரிய தீ மூட்டுவார்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். 2019 முதல் அந்தப் பக்கம் பூக்கா திருவிழா என்று விளக்கும் பாட்டும் பீருமாக அமர்க்களம். பூக்கா என்பது குதிரை உருவத்தில் வருகிற ஒரு சேட்டைக்காரப் பேய். சவ்வினுக்குப் பிறகு வேலியோரத்துக் கறுப்புப் பெர்ரிப் பழங்களில் அது எச்சில் துப்பிவிடுமாம், அதனால் பறிக்கக் கூடாதாம். பழம் அழுகிப்போகிற பருவம் என்று நேரே சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

சர்ச் சும்மா இருக்குமா? 9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1ஐ எல்லாப் புனிதருக்குமான நாளாக்கிவிட்டது. மறுநாள்தான் நம் ஊர் மாதா கோயில் தெருவில் எல்லோரும் கல்லறைக்குச் சுண்ணாம்படித்து மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள்.

வாசலில் முகம் செதுக்கி வைத்த பூசணிக்காய் பற்றி அம்மா கேட்டிருந்தார்கள். திருஷ்டிக்குத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் பூசணி இவர்களுடைய பழைய காய் இல்லை. அக்காலத்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து உள்ளே நெருப்பு வைப்பார்கள். சாத்தானையே ஏமாற்றிய ஜாக் என்கிற குடிகாரனைச் சொர்க்கத்திலும் சேர்க்கவில்லை, நரகத்திலும் சேர்க்கவில்லை. அவன் டர்னிப்புக்குள் ஒரு தணலை வைத்துக்கொண்டு இருட்டில் அலைகிறான் என்று கதை. மேயோ மாவட்டத்து அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சைப் பார்த்தேன். சுருங்கிப்போன முகம், குழிவிழுந்த கண், ஒழுங்கில்லாத பல். பூசணிக்காய் சிரிக்கிறது அப்பா, இது நிஜமாகவே முறைக்கிறது.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதற்கு மேலும் ஆட்கள் கப்பலேறினார்கள். பலர் போய்ச் சேர்ந்தது அமெரிக்கா. அங்கே பூசணி மலிவு, குடையவும் சுலபம். கூடவே போன பண்டிகை, அமெரிக்காவில் கட்டிக்கொடுத்த பெண் வசதியாகி லீவுக்கு வந்து தாய்வீட்டுச் சாமான்களையெல்லாம் மாற்றிவைத்த மாதிரி, பிளாஸ்டிக் சிலந்தியும் ரப்பர் முகமூடியுமாகத் திரும்பி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு இதில் தீராத வருத்தம். அவர் காலத்துப் பிள்ளைகள் கதவைத் தட்டி "ஹாலோவீன் விருந்துக்கு உதவுங்க" என்பார்களாம். இப்போது எல்லாம் டிவியில் கேட்டுக் கற்ற "டிரிக் ஆர் டிரீட்".

ஆனால் சாப்பாட்டை மட்டும் அந்த அமெரிக்கா போன மகளால் மாற்ற முடியவில்லை. பார்ம்பிராக் என்று ஒரு ரொட்டி, டீயில் ஊறிய திராட்சை போட்டது. உள்ளே ஒரு மோதிரத்தைப் புதைத்துச் சுடுவார்கள், அது யார் துண்டில் வருகிறதோ அவருக்குச் சீக்கிரம் கல்யாணம். முன்பெல்லாம் காசு, துணிக்கிழிசல், குச்சி, பட்டாணியும் உண்டாம். காசு வந்தால் பணம், கிழிசல் வந்தால் வறுமை, குச்சி வந்தால் புருஷனோடு சண்டை, பட்டாணி வந்தால் இந்த வருடம் கல்யாணமில்லை. இப்போது கடை ரொட்டியில் மோதிரம்தான் மிச்சம். எங்கள் மருத்துவமனை வார்டில் டீ நேரத்தில் வெட்டினோம். மோதிரம் வந்தது மூன்று பிள்ளை பெற்ற மூத்த நர்ஸுக்கு. "இன்னொருத்தனா? இருக்கிறவனுக்கே சோறாக்கி முடியல" என்று மோதிரத்தைத் துடைத்து, பயிற்சிக்கு வந்த பெண்ணின் தட்டில் போட்டுவிட்டார்.

இதைக் கேளுங்கள், இது உங்களுக்காகவே. அக்டோபர் பிறந்தால் இங்கே எல்லாக் கடையிலும் தோலோடு வேர்க்கடலை, அதான் நம் மல்லாட்டை, வந்துவிடும்! பேய் வேஷத்தில் வருகிற பிள்ளைகளின் பையில் ஆளுக்கொரு கைப்பிடி போடுவது வழக்கம். முன்பு இந்தக் காட்டில் விளைகிற ஹேசல் கொட்டைதான் இருந்திருக்கிறது. காதலர் பேர் சொல்லி இரண்டு கொட்டைகளை அடுப்போரம் வைத்து, சேர்ந்து எரிந்தால் பொருத்தம், ஒன்று வெடித்துத் தள்ளிப்போனால் அதோடு சரி. இப்போதைய பிள்ளைகளுக்கு மல்லாட்டை என்றாலே இளக்காரம், சாக்லேட்தான் வேண்டும். பாப்பாவும் தன் பங்கை மேசையில் கொட்டிவிட்டுப் போனாள். நானே உரித்துத் தின்றேன். ஓடு தடிமன், பொக்கு அதிகம், ருசி நம் கொல்லையில் பிடுங்கியதற்குக் கிட்டே வராது.

இந்த வருடம் தீபாவளியும் அதே 31. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், சாயங்காலம் பிள்ளையைப் பேயாக்கினோம். வெடிக்குத்தான் வழியில்லை. சின்னச் சின்ன ரகம் தவிர மற்றதை விற்க வைத்திருந்தாலோ கொளுத்தினாலோ 10,000 யூரோ வரை அபராதம், 5 வருடம் வரை ஜெயில். நாங்கள் பயந்துகொண்டு வாசலில் அகல் மட்டும் ஏற்றினோம். இருட்டியதும் பார்த்தால், எல்லை தாண்டி வடக்கிலிருந்து கடத்திவந்ததை வைத்து ஊர்ப் பையன்கள் வெளுத்துவாங்குகிறார்கள். போலீஸ் ஒரு தெருவுக்குப் போனால் அடுத்த தெருவில் வெடிக்கிறது. உங்கள் மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்று, "இது லட்சுமி வெடி அளவுக்கு இல்ல, இது பரவாயில்ல" என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

வருடம் முழுக்க, முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டாத தெரு இது. அன்றைக்கு மட்டும் பேய் வந்து தட்ட, பின்னால் அதன் அப்பா அம்மா குடையோடு நிற்கிறார்கள். எதிர் வரிசையில் இன்னொரு மருத்துவமனை நர்ஸ் இருப்பதும், கடைசி வீட்டுக்காரர் பிளம்பர் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

ஒரு விஷயம். போன ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். நீங்கள் வழக்கம்போல் காலை 6 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே நள்ளிரவு 12:30. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கூப்பிடுங்கள். மல்லாட்டை என்ன விலை போகிறது என்றும் சொல்லுங்கள்.

அன்பு மகள்
செல்வி