சாகிறது அதுதானா? நிரல்மொழிகளில் அந்திமகால அடையாளம் குறித்து ஓர் ஆராய்ச்சி

நிரல்மொழிகளில் பொருள்கள் பிறப்பதைப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விவரிக்கின்றன. சாவு என்று வந்தால் ஒரு பத்தியோடு எழுந்துவிடுகின்றன. ஒரு பொருள் செத்துக்கொண்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் ‘இது அதுதானா?’ என்று கேட்டால் என்ன விடை வரும் என்பதே இங்கு ஆராயப்படுவது. இதனால் யாருக்கு என்ன பயன் என்போர் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், தடையில்லை. எம் துணிபு இது: சாகிற பொருளிடம் ‘நீ அதுதானா?’ என்று கேட்கலாம், கடைசி மூச்சுவரை மெய்யான விடை வரும், ‘நீ எப்படிப்பட்டவன்?’ என்று மட்டும் கேட்கக் கூடாது.

முதற்சான்று பைத்தான். இரண்டு வெற்றுப் பட்டியல்களை ‘இஸ்’ கொண்டு ஒப்பிட்டால் அம்மொழி ‘பொய்’ என்கிறது. அப்படிப்பட்ட இரண்டைத் தனித்தனியே ‘ஐடி’ என்னும் செயற்கூறிடம் கொடுத்து, வரும் எண்களை ஒப்பிட்டால், பைத்தானை ஓட்டும் வழக்கமான செயலியான சிபைத்தானில் பெரும்பாலும் ‘மெய்’ என்று வருகிறது. முன்னுக்குப் பின் முரண் என்று சிலர் மேசையைத் தட்டுவர். முரணேதுமில்லை. ‘இஸ்’ ஒப்பிடும்போது இரண்டு பட்டியல்களும் உயிரோடு எதிரெதிரே நிற்கின்றன. ஐடியிலோ, முதற்பட்டியல் தன் எண்ணைச் சொன்ன கையோடு, சுட்டுவார் யாருமின்றிச் செத்துப்போகிறது. அது காலி செய்த நினைவிடத்திலேயே இரண்டாவது குடியேறுகிறது. சிபைத்தானின் ஐடி நினைவக முகவரியே அன்றி வேறன்று. லாட்ஜின் ஏழாம் அறையில் நேற்றுத் தங்கியவரும் இன்று தங்குபவரும் ஒருவரே என்று சாதித்தால் பில் போடுபவர் ஒப்புவாரா? வாழ்நாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத இரு பொருள்களுக்கு ஒரே எண் அமையலாம் என்று பைத்தானின் ஆவணமும் சொல்கிறது.

அஃதேல், சாகும் வேளையில் அடையாளம் நிலைக்கும் என்றது எவ்வாறு எனின், சி பிளஸ் பிளஸைக் காட்டுவோம். அங்கே வழிவந்த இனக்குழுவின் (கிளாஸ்) அழிப்பி (டிஸ்ட்ரக்டர்) முதலில் ஓடும். பின் அதன் உறுப்புகள், அறிவித்த வரிசைக்குத் தலைகீழாக மடியும். அதற்குப் பிறகே அடிப்படை இனக்குழுவின் அழிப்பி. அந்தக் கடைசிக் கட்டத்தில் கையிலுள்ள முகவரி அதே பொருளைத்தான் காட்டுகிறது. ஆனால் அதன் வகையைக் கேட்டால் அடிப்படை இனக்குழுவின் பெயரே வரும்; மெய்நிகர் (விர்ச்சுவல்) செயற்கூறை அழைத்தாலும் அடிப்படையினுடையதே ஓடும். தமிழருக்கு இது புதிதன்று. காலைவரை ‘அவர் சாப்பிட்டாரா?’ என்று விசாரித்த ஊர், மூச்சு நின்றதும் ‘எப்ப எடுக்கிறாங்க?’ என்று செயப்படுபொருளே இல்லாமல் கேட்கிறது. கிடப்பது அதே திண்ணையில்தான், திணைதான் மாறிவிட்டது.

சாகும்போது போய் யார் அடையாளம் கேட்கப்போகிறார்கள் என்பது அடுத்த தடை. கேட்காமல் முடியாது. ஏதோ நிகழ்வுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பேர் கொடுத்த பொருள், போகும்முன் தன்னை அதிலிருந்து அடித்துவிட்டுப் போக வேண்டும். முகவரியை வைத்துத் தேடினால் காரியம் முடிந்தது. பெயரை வைத்துத் தேடினால், அப்பெயர் வழிவந்த இனக்குழுவின் உறுப்பாயின், அடிப்படை அழிப்பி ஓடும்போது அது ஏற்கெனவே மண்ணாகியிருக்கும். தப்பிப் பிழைத்திருந்தாலும், அதே பெயருள்ள வேறொரு முருகேசன் உயிரோடு நீக்கப்பட, செத்தவர் பட்டியலில் தொடர்வார். (வாக்காளர் பட்டியலைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்படவில்லை.) உயிர்த்தெழுதலைக் காட்டி மறுப்பாரும் உளர்: பைத்தானில் ‘டெல்’ என்னும் இறுதிச் சடங்கு நடக்கும்போதே பொருள் தன்னை ஒரு பொது மாறியில் மாட்டிக்கொண்டு பிழைத்துவிடலாம். எழுந்தது பழையதா, புதியதா? பழையதே, ஐடியும் மாறாது. 2014இல் வந்த 3.4 பதிப்பு முதல், அப்படி எழுந்தது மறுபடி செத்தால் சிபைத்தான் ‘டெல்’லை இரண்டாம் முறை ஓட்டுவதில்லை, ஓர் ஆளுக்கு ஒரு கருமாதிதான். இவனுக்கு முன்பே ஆயிற்று என்று மொழி கணக்கு வைத்திருப்பதே அடையாளம் அறவில்லை என்பதற்குப் போதிய சாட்சி. எல்லாம் முடிந்தபின் பாயின்டரில் மிஞ்சிய பழைய முகவரியை ஒப்பிடலாமா எனின், அதன் விடைக்கு சி பிளஸ் பிளஸின் 2014ஆம் ஆண்டுத் தரநிலை பொறுப்பேற்கவில்லை; அந்தந்தக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.