நம்ம சார்தான் ரெஃப்ரி

நாகப்பட்டினத்தில் பள்ளிப் பையன்களின் கால்பந்து ஆட்டத்தில் ஊதப்படும் விசிலுக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. காலையில் பிரேயருக்கு வரிசை கட்ட வைத்தது அதுதான். இடைவேளையில் வேப்பமரத்தில் ஏறியவனைக் கீழே இறக்கியதும் அதுதான். அதே விசிலை அதே பி.டி. சார் மாலையில் ஊதி, "பெனால்டி" என்று கை காட்டும்போது, அதில் நீதிதேவதையின் குரல் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். எதிரணிப் பையன்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அவங்க சார்டா ஊதுறாரு!"

ஏற்பாடு அப்படி. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்று பெயர். குறுவட்ட ஆட்டங்கள் நடப்பதோ பெரும்பாலும் சுதந்திர தினத்தை ஒட்டி. குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், அங்கேயும் ஜெயித்தால் மாநிலம். அணியைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, வேனில் அள்ளிப்போட்டு அழைத்து வருவது, மதியத்துக்குப் புரோட்டா வாங்கித் தருவது, சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போடுவது, கடைசியில் விசிலை வாயில் வைத்துத் தீர்ப்பு சொல்வது, எல்லாமே உடற்கல்வி ஆசிரியர்கள்தான். தகுதி பெற்ற நடுவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியல் வரைக்கும் போனவர். அதற்காக 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு அவரையா கூப்பிட முடியும்?

சொந்த அணிக்குத் தானே ஊதக் கூடாது என்பது சார்களுக்கும் தெரியும். அதனால் ‘அ’ பள்ளியும் ‘ஆ’ பள்ளியும் மோதினால் ‘இ’ பள்ளி சாரைக் கூப்பிடுவார்கள். கேட்பதற்கு அப்பழுக்கில்லாத நடுநிலை. ஆட்ட அட்டவணையை, அதாவது ஃபிக்ஸ்சரை எடுத்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும்: இதில் ஜெயிக்கும் அணி நாளைக் காலை அரையிறுதியில் மோதப்போவது ‘இ’ பள்ளியோடு. ‘அ’ அணியில் ஆறடிக்கு வளர்ந்து மீசையும் வைத்த ஒரு ஸ்டாப்பர். ‘ஆ’ அணியிலோ எல்லாரும் பொடியன்கள். ‘இ’ பள்ளி சாரின் மனச்சாட்சி எந்தப் பக்கம் சாயும்? அவர் பாவம், எதையும் நினைக்காமலேகூட இருக்கலாம். ஆனால் மீசைக்காரனுக்கு மஞ்சள் அட்டை காட்டிய மறுநொடி, மைதானமே ஃபிக்ஸ்சரை மனப்பாடமாக ஒப்பிக்கும்.

இது போதாதென்று ஆஃப்சைடு. பெரிய ஆட்டங்களில் இதைக் கவனிக்கக் கோட்டோரம் இரண்டு உதவி நடுவர்கள், அவர்களுக்கு மேல் வீடியோ. குறுவட்டத்தில் கொடி பிடிப்பவன் ஏதோ ஒரு பள்ளியின் பிளஸ் டூ பையன். அவன் கண் பாதி நேரம் ஐஸ் வண்டி மேல். ஐம்பதைத் தாண்டிய சார் நடுவட்டத்தில் நின்றபடியே, பந்து காலை விட்டுக் கிளம்பிய கணத்தில் முப்பது மீட்டர் தள்ளி எவன் தோள் முன்னால் நீட்டியிருந்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்வார். தயங்காமல் சொல்வார். தயங்கினால்தான் வம்பு.

நாகையிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் திருவாரூர். கன்றுக்குட்டிக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டதாகச் சொல்லப்படும் மனுநீதிச் சோழனின் ஊர். அந்தக் கதைக்கு அங்கே கல்தேர் ஒன்றும் சாட்சி. ஆளில்லாமல் சொந்த அணிக்கே விசில் ஊத நேரும் சார்களைப் பிடிப்பது பெரும்பாலும் இந்தச் சோழனின் ஆவிதான். தன் பையன் கையில் பந்து பட்டதா, பந்தில் கை பட்டதா என்ற விசாரணையே கிடையாது, பெனால்டி. எதிரணிக்காரன் இவனை வாரிவிட்டால், "எழுந்திருடா, ஆடு!" சார் மகனே அணியில் இருந்துவிட்டால், இளவரசன் கதிதான். ஓரவஞ்சனை என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் செய்கிற ஓரவஞ்சனை இது. அப்போதும் எதிரணிப் பெற்றோர் நம்புவதில்லை. சொந்த அணிப் பெற்றோர் மன்னிப்பதில்லை.

இதெல்லாம் நம்மூர்க் கோளாறு என்று வெட்கப்பட வேண்டாம். கால்பந்துக்குச் சட்டம் எழுதிய இங்கிலாந்திலேயே ஒரு காலத்தில் ஒவ்வொரு கிளப்பும் தன் அம்பயரைத் தானே கூட்டி வந்தது. இருவரும் ஒத்துப்போகாதபோது வெளியே நிற்கும் மூன்றாமவரிடம் கேட்பார்கள். எத்தனை முறை ஒத்துப்போயிருப்பார்கள் என்பது வாசகர் ஊகத்துக்கு. 1891ல் அந்த மூன்றாமவரை மைதானத்துக்குள் இறக்கி, அம்பயர்களைக் கோட்டோரத்துக்கு அனுப்பினார்கள். பெனால்டி கிக் சட்டமானதும் அதே ஆண்டுதான்.

பார்ப்பவர் கண்ணும் லேசுப்பட்டதல்ல. 1951ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்கள் அவர்கள் ஊர்ப் பாணிக் கால்பந்தில் முட்டி மோதின. பிறகு அந்த ஆட்டத்தின் படத்தை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது சராசரியாக 9.8, டார்ட்மத் மாணவர்களுக்குத் தெரிந்ததோ 4.3. படம் ஒன்றேதான். நடுவர்களும் இதற்கு விலக்கல்ல. லிவர்பூல் சொந்த மண்ணில் ஆடிய ஆட்டத்தின் 47 மோதல்களை 40 நடுவர்களுக்குக் காட்டிய ஆய்வு 2002ல் வெளியானது. கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களைவிட 15.5 விழுக்காடு குறைவாகவே உள்ளூர் அணிமேல் ஃபவுல் சொன்னார்கள். லிவர்பூலுக்கே இப்படியென்றால், அக்கரைப்பேட்டையிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கும் கூட்டத்துக்கு முன்னால் சார் என்ன செய்வார்?

கிரிக்கெட் இந்த வழக்கை வேறு விதமாகத் தீர்த்தது. 1986ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான லாகூர் டெஸ்டில் நிற்க இந்தியாவிலிருந்து இரண்டு அம்பயர்களை பாகிஸ்தான் அழைத்தது: வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். சொந்த ஊர் அம்பயர் என்ற பழியே வேண்டாம் என்பது கேப்டன் இம்ரான் கானின் எண்ணம். பழி தீர்ந்தது. பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வியும் அடைந்தது.

சம்பளம் வாங்கும் நடுவர் வந்தாலும் சண்டை ஓய்வதில்லை. 2023 மார்ச்சில் பெங்களூருவில் நடந்த கால்பந்து ஆட்டத்தில், பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோல் என்றதும், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியே மைதானத்தை விட்டு நடந்து போனது. அபராதம் 4 கோடி ரூபாய். நம் பையன்கள் கோபித்துக்கொண்டு வெளியேறினால் புரோட்டா மட்டும்தான் நஷ்டம்.

ஜெர்மனியின் ஆகன் நகரில் ரால்ஃப் க்ளோர் என்பவர் சிறுவர் ஆட்டங்களிலிருந்து நடுவரையே நீக்கிப் பார்த்தார். ஃபவுலா இல்லையா என்று பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். இரு பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பெற்றோர் தள்ளி நிற்க வேண்டும். முறை பரவியது. நாகை நம்பியார் நகர்க் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அங்கே நடுவர் என்றைக்கு இருந்தார்? பந்து எவனுடையதோ அவனுக்கு அரை ஓட்டு கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

குறுவட்டத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஃபிக்ஸ்சரின் மேல் பாதி ஆட்டங்களுக்குக் கீழ் பாதிப் பள்ளிகளின் சார்கள் ஊதட்டும். யாருக்கு எந்த ஆட்டம் என்பதைப் பையன்கள் முன்னாலேயே சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். இறுதி ஆட்டத்துக்குத் தோற்று வெளியேறிய பள்ளி சார் போதும், அவரைத் தோற்கடித்த அணி அதில் இல்லாத பட்சத்தில். பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம்: கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். சாருக்குக் கண் தெரியவில்லை என்று தோன்றினால், அடுத்த பயிற்சி ஆட்டத்துக்கு விசிலை வாங்கி நீங்களே ஊதிப் பாருங்கள். சார் சந்தோஷமாகக் கொடுப்பார்.