அந்த செஃப் ஏன் அப்படிச் செய்தார்?

படம் பார்க்கும்போது “என்ன ஆச்சு?” என்று கேட்பவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. பாத்ரூம் போய்விட்டு வந்திருப்பார்கள், இல்லையென்றால் கண்ணசந்திருப்பார்கள். ஒரு வரியில் சொன்னால் அடங்கிவிடுவார்கள். “அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?” என்று கேட்பவர்கள் வேறு ரகம். அவர்களுக்குப் பதில் தேவையில்லை. பதிலைக் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். கேள்வி நம்மை எழுந்து போகவிடாமல் உட்காரவைப்பதற்கு.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் என் அக்காவின் கணவர். அத்தானைப் பொறுத்தவரை திரையில் யாரும் எதையும் சும்மா செய்யக் கூடாது. ஒருவன் இடது கையால் தண்ணீர் குடித்தால்கூட அதற்குப் பின்னால் கண்டிப்பான ஒரு தகப்பன் இருந்தாக வேண்டும். யார் கொலை செய்தது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது, அது போலீஸ் வேலை. ரிமோட் அவர் கையில்தான் இருக்கும். படத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சுட்டுவிரலால் காற்றில் ஒரு புள்ளி வைப்பார். “அங்கதான் மாப்ளே விஷயமே இருக்கு.”

இந்தக் கருணையெல்லாம் திரையோடு சரி. சொந்தத் தம்பியோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டால் “அவன் ஒரு மாதிரி” என்பதற்கு மேல் ஆராய்ச்சி போகாது. அவருடைய பார்க்கிங்கில் வண்டியை நிறுத்துகிறவனுக்குக் குழந்தைப் பருவமே கிடையாது.

இப்படிப்பட்டவர் கையில் ‘தி மெனு’ கிடைத்தது. மார்க் மைலாட் இயக்கி 2022-இல் வந்த ஹாலிவுட் படம். ஒரு தீவில் ஹாத்தார்ன் என்றொரு உணவகம். ஓர் இரவுக்கு 12 பேர்தான். தலைக்கு 1,250 டாலர், நம் கணக்கில் லட்சத்தைத் தாண்டும். படகு அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்த செஃப் ஸ்லோவிக் ஒருமுறை கை தட்டினால் சமையலறை மொத்தமும் விறைத்து நின்று “எஸ் செஃப்!” என்று முழங்குகிறது. நடுவில் ஓர் உதவிச் சமையல்காரர் எல்லார் கண்முன்னும் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். அதுவும் மெனுவில் ஒரு ஐட்டம். கடைசியில் சமைத்தவர், சாப்பிட்டவர் எல்லோரும் சேர்ந்து சாக வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒரு கொலைகாரர், ஒரு டஜன் விருந்தாளிகள், கிட்டத்தட்ட ஆளுக்கொரு பாவம். அத்தான் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படம் முதலில் நின்றது, ரொட்டியில்லாத ரொட்டித்தட்டில். ரொட்டி சாமானியர்களின் உணவு, நீங்கள் சாமானியர்கள் அல்ல, ஆகவே உங்களுக்கு ரொட்டி கிடையாது என்று அறிவித்துவிட்டு, தொட்டுக்கொள்ளும் சமாச்சாரங்களை மட்டும் பொட்டுப் பொட்டாக வைக்கிறார் செஃப். இலையில் நாலு சட்னியைப் பரிமாறிவிட்டு இட்லி இல்லை என்று சொன்னால் நம்மூர் மெஸ்ஸில் என்ன நடக்கும்? அங்கே விரலால் தொட்டு நக்கி ஆகா என்கிறார்கள்.

“இவன் பணக்காரங்களுக்கு ரொட்டி தராம இல்ல மாப்ளே. அவங்க அம்மாவுக்குத் தரல.”

செஃபின் அம்மா ஒரு மூலை மேசையில் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. சரியாகக்கூட இருக்கும் என்று தோன்றியது. இந்த ரகத்தாரிடம் இதுதான் ஆபத்து. அடுத்த பதார்த்தம் வந்தது. அப்பா குடித்துவிட்டு அம்மாவின் கழுத்தை டெலிபோன் வயரால் நெரித்ததையும், சிறுவனாக இருந்த தான் அப்பாவின் தொடையில் கத்தரிக்கோலைச் செருகியதையும் செஃப் சாவகாசமாகச் சொல்ல, எல்லார் தட்டிலும் கத்தரிக்கோல் குத்திய கோழித்தொடை. அத்தான் பாஸை அழுத்தினார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் தலையாட்டும்வரை படம் நகரவில்லை.

பாவிகள் வரிசையில் வர வர, வீட்டில் ஆளுக்கொரு நீதிமன்றம் முளைத்தது. போலி பில் போட்டுப் பணம் சுருட்டிய மூன்று இளைஞர்களுக்காக எதிர் ஃபிளாட் ஆடிட்டர் கொதித்தார். “பொய் இன்வாய்ஸுக்கு வட்டி, அபராதம், மிஞ்சினா ஜெயில் சார். உயிரை எடுக்கறதுக்கு எந்த செக்‌ஷன்ல இடமிருக்கு?” நடிகரின் உதவியாளராக வரும் பெண்ணிடம் செஃப் எந்தக் கல்லூரி என்று கேட்கிறார். பிரவுன் பல்கலைக்கழகம் என்கிறாள். படிப்புக் கடன் உண்டா? இல்லை என்கிறாள். அத்தோடு தீர்ப்பு எழுதியாயிற்று. மாதம் பிறந்தால் கல்விக்கடன் தவணை கட்டும் அக்கா மகள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இதுல ஆராய என்னப்பா இருக்கு? ரொம்ப நியாயம்.” அந்த நடிகர் செய்த குற்றம், செஃபின் ஒரே விடுமுறை நாளை ஒரு மோசமான படத்தில் நடித்துப் பாழாக்கியது. பண்டிகைக்குப் பண்டிகை குடும்பத்தோடு தியேட்டருக்குப் போய் நொந்தவர்கள் நாங்கள். இந்த ஒரு தண்டனை மட்டும் ஒருமனதாக நிறைவேறியது.

பணக்காரக் கணவர் ஒருவர் அதே உணவகத்தில் 11 தடவை சாப்பிட்டிருக்கிறார். அதில் ஒரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்லச் சொன்னால் விழிக்கிறார். காட் மீன் என்று குத்துமதிப்பாக எடுத்துவிட்டால், அது ஹாலிபட். அக்கா ரொம்ப நேரமாக ஒன்றும் பேசவில்லை. இங்கே பேசினாள்.

“கல்யாணமானதுலேர்ந்து சாப்பிட்டும் என்ன சாப்பிட்டோம்னு தெரியாத ஒருத்தர் இந்த வீட்லயும் இருக்காரு. இதுக்குச் சாவுதான்னா…”

அத்தான் தானாகவே பிளேயை அழுத்தியது அந்த இரவில் அப்போதுதான்.

“இத்தனை பேர் இருக்காங்களே, ஏன் சார் யாரும் திருப்பி அடிக்கல?” என்றார் ஆடிட்டர். படத்தில் செஃபே விருந்தாளிகளிடம் இதைத்தான் கேட்கிறார். “கூச்சம் சார்” என்றார் அத்தான். “அவ்வளவு காசு குடுத்து வந்த எடத்துல சத்தம் போட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு ஒரு கூச்சம்.” இதற்கு மட்டும் நான் மனதாரக் கைகொடுப்பேன். பெரிய ஹோட்டலில் உப்பில்லாத சூப்பை “நல்லாயிருக்கு” என்று சொல்லி முழுசாகக் குடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆனால் பெரிய சண்டை மார்கோவைப் பற்றித்தான். வேறொருத்திக்குப் பதிலாகக் காசுக்கு அழைத்து வரப்பட்டவள். செஃபின் வீட்டுக்குள் புகுந்து, இளவயதில் அவர் பர்கர் போட்டுக்கொண்டு சிரிக்கிற பழைய போட்டோவைப் பார்த்துவிடுகிறாள். திரும்பி வந்து, உன் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது, அதில் அன்பில்லை, எனக்கு இன்னும் பசிக்கிறது என்கிறாள். ஒரு சீஸ்பர்கர் கேட்கிறாள். விலை 9.95 டாலர். செஃப் முதல்முறையாக மனசு வைத்துச் சமைக்கிறார். ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்கிறாள். கட்டிக் கொடுத்து, போகவும் விட்டுவிடுகிறார்.

ஏன் விட்டார்? அவள் அவருக்குத் தாய் என்றார் அத்தான். இல்லை, அவருடைய இளமை. அதுவுமில்லை, இந்தக் கதையை வெளியே போய்ச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். “பில்லை செட்டில் பண்ணிட்டா சார், விட்டுட்டான்” என்றார் ஆடிட்டர்.

இதை எழுதிய சேத் ரைஸும் வில் ட்ரேசியும் ‘தி ஆனியன்’ என்ற கேலிப் பத்திரிகையிலிருந்து வந்தவர்கள், நார்வேயில் பெர்கன் பக்கம் ஒரு தீவு உணவகத்துக்குப் போன ட்ரேசி, படகு கிளம்பிப் போனதும் இங்கேயே மாட்டிக்கொண்டோமே என்று பயந்ததில் பிறந்த கதை இது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். கேலியைக் கேலியாக விட்டுவிடலாமே என்ற ஆசைதான். அத்தான் என்னைப் பரிவோடு பார்த்தார். “என்ன எழுதினோம்னு எழுதினவங்களுக்கே தெரியாது மாப்ளே.”

ஒரே ஓர் ஆளை மட்டும் அவர் ஆராயவே இல்லை. மார்கோவைக் கூட்டிவந்த டைலர். சமையல் நிகழ்ச்சிகளாகப் பார்த்துத் தள்ளியவன், ஒவ்வொரு வாய்க்கும் விளக்கவுரை சொல்பவன், ருசியில் கண்கலங்குபவன். எல்லோரும் சாகப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தும், தனியாளுக்கு மேசை கிடையாது என்பதால் ஒருத்தியைக் கூலிக்குப் பிடித்துக்கொண்டு வந்தவன். இவ்வளவு தெரிந்தவன் சமைத்துக் காட்டட்டும் என்று செஃப் அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டு அடுப்பின் முன் நிறுத்துகிறார். சின்ன வெங்காயத்தைத் தேடுகிறான், கை நடுங்குகிறது, ஆட்டிறைச்சி பாதி பச்சையாக வருகிறது. அதற்கும் திரையில் மெனு அட்டை விழுகிறது: அரைவேக்காடு, வாயில் வைக்க முடியாத சாஸ், ஒன்றோடொன்று ஒட்டாத தட்டு. பிறகு செஃப் அவன் காதில் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அவன் உள்ளே போய்த் தூக்கு மாட்டிக்கொள்கிறான்.

இதைவிடப் பெரிய ‘ஏன்’ எந்தப் படத்தில் கிடைக்கும்? ரிமோட் அசையவில்லை.

“அவனுக்கு நோக்கமெல்லாம் கிடையாது மாப்ளே. சும்மா வாயாடிப் பய.”

படம் முடிந்தபோது எல்லோருக்கும் அகோரப் பசி. பர்கருக்கு ஆர்டர் போடலாமா என்று அக்கா மகள் போனை எடுத்தாள். “ஏங்க, மாவு ஃப்ரிட்ஜில இருக்கு” என்றாள் அக்கா. “இன்னிக்கு நீங்கதான் ஊத்துங்களேன்.”

அத்தான் எழுந்து போனார். அடுப்பைப் பற்றவைக்கும் முன் உளுந்துக்கும் அரிசிக்கும் உள்ள விகிதம், கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் எப்படி ஓட வேண்டும், கரண்டியை உள்ளிருந்து வெளியே சுழற்றுவதற்கான காரணம் எல்லாம் வந்தன. பிறகு தோசை வந்தது, நாலு துண்டாக. இரண்டு துண்டு கல்லை விட்டு வர மறுத்தன.

அக்கா மகள் பின்னாலிருந்து கனத்த குரலில் அறிவித்தாள். “அப்பாவின் தோசை. வேகாத நடு, கருகிய ஓரம், மொத்தத்தில் ஒற்றுமைக் குறைவு.”

“தோசைல தப்பில்லம்மா” என்றார் அத்தான், தோசைத்திருப்பியால் சுரண்டிக்கொண்டே. “நேத்து இதுல உங்கம்மா சப்பாத்தி போட்டிருக்கா. கல்லு ஏன் பிடிக்குதுன்னா…”

அது என்னவோ உண்மைதான். அக்கா தலையில் அடித்துக்கொண்டு பாதி வெங்காயத்தை நறுக்கி, எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆடிட்டர் தனக்கு மூன்று போதும் என்றார்.