தோசைக்கு எத்தனை விநாடி?

கல்லில் மாவை ஊற்றிய கை இன்னும் திரும்பியிருக்காது. முதுகுக்குப் பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். எம்.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம்.

நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன். பொதுவாக இவன் என் அக்கா மகன். பொதுவாக எங்கள் வீட்டு மாடியறையில் தங்கிப் படிக்கிறான். மூன்று வேளையும் இங்கேதான் சாப்பாடு.

மெக்கானிக்கல் படித்தவன் என்றைக்காவது மிக்ஸியைச் சரிபண்ணித் தருவான் என்று ஒரு நப்பாசையாவது உண்டு. இண்டஸ்ட்ரியல்காரன் மிக்ஸியைத் தொடமாட்டான். அது எத்தனை நிமிஷம் ஓடாமல் கிடந்தது என்று எழுதிவைப்பான்.

ப்ராஜக்டுக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான். எந்த வாட்ச்மேனும் கேட்டைத் திறக்கவில்லை. என் சமையலறைக்குக் கதவே கிடையாது. கல்லூரி லேபிலிருந்து கொண்டுவந்த ஸ்டாப்வாட்ச், ஒரு அட்டை, கிளிப்பில் மாட்டிய காகிதம் சகிதம் பிரிட்ஜ் ஓரமாக நின்றுகொண்டான். நின்றவன் ஏழு வாரம் நகரவில்லை.

“சித்தி, ஒரு தோசைக்கு 110 விநாடி. ஆளுக்கு மூணுன்னா அஞ்சு பேருக்குப் பதினஞ்சு. இருபத்தேழரை நிமிஷம். மாவு ரெடி, சட்னி ரெடி, ஆள் ரெடி. கல்லுதான் பாட்டில்நெக். அதுல ஒரு நிமிஷம் போச்சுன்னா மொத்த சிஸ்டத்துக்கே ஒரு நிமிஷம் போச்சு. கோல்ட்ராட் சொல்லியிருக்கார்.”

கோல்ட்ராட் என்பவர் இந்த விஷயத்தை ‘தி கோல்’ என்று 1984-ல் ஒரு நாவலாகவே எழுதிவிட்டாராம். அவர் வீட்டில் அடுப்படியில் யார் நின்றார்கள் என்று கேட்டேன். அது சிலபஸில் இல்லையாம்.

அன்றிலிருந்து கல் சும்மா இருக்கக் கூடாது. வாசலில் கீரைக்காரம்மா கூப்பிட்டாலும் நான் நகரக் கூடாது. சரி என்று மளமளவென்று வார்த்து அடுக்கினால் அதுவும் குற்றம். தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதுதான் டொயோட்டாவில் பெரிய பாவமாம். தட்டு காலியாகிறபோது சித்தப்பா ஒரு சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் அடுத்த தோசை. அதற்குப் பெயர் கான்பான். என் வீட்டுக்காரர் 26 வருஷமாக “இன்னொண்ணு” என்று கத்துகிறார். அதே முறைதான். அட்டைச் செலவு மிச்சம்.

நடுவில் ஒருநாள் 5எஸ் என்று டப்பாக்களை மாற்றி அடுக்கினான். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸே இருந்தது. இப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பாராத என் மாமியார் அதைக் கடலைமாவு என்று எடுத்து பஜ்ஜிக்குக் கரைத்தார். அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

அவனுடைய குலதெய்வம் கில்பிரத். கொத்தனார் ஒரு செங்கல் வைக்கிற 18 அசைவுகளை ஐந்துக்கும் கீழே கொண்டுவந்த அமெரிக்கர். கை செய்கிற ஒவ்வொரு சின்ன வேலைக்கும் தன் பெயரையே தோசை மாதிரி திருப்பிப் போட்டு ‘தெர்பிளிக்’ என்று வைத்தவர். நேரத்தை மிச்சம்பிடிக்க இரண்டு ரேசரால் சவரம் செய்து பார்த்தாராம். 44 விநாடி லாபம், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போட இரண்டு நிமிஷம் நஷ்டம். பெற்ற பிள்ளைகளே புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் மனைவி லிலியன்தான் பிற்பாடு சமையலறையில் நடக்கிற தூரத்தைக் குறைக்க வழி கண்டுபிடித்தவர். அந்த அம்மாளுக்குச் சமையல் அவ்வளவாக வராது என்று இவன் வாய்தவறிச் சொன்ன நாளில் எனக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம் இறங்கியது.

அவன் குளிக்கப் போன நேரம் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ரேட்டிங் 85. பழகின ஆள் இயல்பான வேகத்தில் செய்தால் 100. இருபத்தாறு வருஷம் வார்த்தும் பழகவில்லை போலிருக்கிறது. ஆக, தோசைக்கு நியாயமான நேரம் 93.5 விநாடி. கீழே இன்னும் இரண்டு வரி: ‘சொந்தத் தேவை, பெண், 7 சதவீதம். அசதி, 4 சதவீதம்.’

அசதி என்ற வார்த்தையை இந்த வீட்டில் என் கணக்கில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அச்சடித்த அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்டதுதான். இருந்தாலும் அட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பெருக்கிப் பார்த்தேன். ஒரு தோசைக்கு நாலு விநாடிகூட வரவில்லை. பதினைந்துக்கும் சேர்த்து 56 விநாடி.

மறுநாள் ஒன்பதாவது தோசையை எடுத்துப் போட்டுவிட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

“சித்தி! கல்லு ஐடிலா இருக்கு!”

“என்னோட 56 விநாடிடா. மொத்தமா எடுத்துக்கிறேன்.”

பிள்ளை ஒரு நிமிஷம் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஸ்டாப்வாட்சை மேடையில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தான். ஏழு வாரம் பார்த்தவன். அசைவு ஒவ்வொன்றும் மனப்பாடம். மாவு மட்டும் பரவ மாட்டேன் என்றது. நாலு நிமிஷம் பத்து விநாடி. ஒரு பக்கம் தீய்ந்து, நடுவில் வேகாமல், ஓரம் கிழிந்து வந்ததை என் தட்டில் வைத்து, “சாப்பிடுங்க சித்தி” என்றான். உட்கார்ந்தபடியே சூடாகச் சாப்பிட்டேன். ரேட்டிங் போடவில்லை.

காலேஜுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான். மாவுக் கரண்டி அடுப்பு மேலேயே கிடந்தது. மேடையெல்லாம் மாவு. அதைத் துடைக்க எத்தனை விநாடி ஆயிற்று என்று எந்த அட்டையிலும் இல்லை.