சிக்கனச் சங்கல்பம்

2011-ஆம் வருஷத்து இன்டெல் ஐ5-2500 பிராசஸரைச் சுமந்துகொண்டு இன்றளவும் ஜீவித்திருக்கும் கம்ப்யூட்டரைப் புது விளையாட்டுகளுக்கு யோக்கியமாக்க வேண்டும், ஆனால் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு காசும் செலவழிக்கலாகாது என்று சங்கல்பம் செய்துகொள்ளும் இளைஞர், கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மாத்திரம் மாற்றினால் போதுமென்ற பரிசுத்தமான நம்பிக்கையோடுதான் சென்னை ரிச்சி தெருவுக்குள் பிரவேசிக்கிறார்.

அங்கே 170 வாட் மின்சாரம் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றைப் பழைய சரக்காகக் கண்டு மோகித்து, வீட்டிலிருக்கும் பவர் சப்ளை அதைத் தாங்காதென்ற உபதேசத்துக்குச் செவிசாய்த்து அதையும் புதிதாக வாங்கி, கொண்டுவந்து பூட்டிப் பார்க்கையில், கார்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தன்னால் இயலாதென்று பிராசஸர் மூச்சுத் திணறுகிறது. அதை மாற்றலாமென்றாலோ, மதர்போர்டின் 1155 சாக்கெட் மூன்றாம் தலைமுறைக்கு அப்பாற்பட்ட எவரையும் ஏற்பதில்லை. மதர்போர்டையே மாற்றினாலோ, 1.5 வோல்ட்டில் வாழ்ந்த டிடிஆர்3 ராமுக்கும் 1.2 வோல்ட் டிடிஆர்4 பள்ளத்துக்கும், பொருத்தமில்லாத ஜாதகங்களைப் போல, சம்பந்தம் கூடாது. (அடியிலுள்ள வெட்டின் ஸ்தானமே வேறாகையால், பலாத்காரமும் பலிக்காது.)

ஆக, சங்கல்பம் செய்த தொகை இருமடங்காகிவிட்ட பிற்பாடு, விளையாட்டின் வேகத்தை அணுவளவும் உயர்த்தாத வர்ண விளக்குகளும் கண்ணாடிக் கதவும் பூண்ட கேபினெட் ஒன்று, 'எவ்வளவோ ஆயிற்று, இதுவும் ஆகட்டும்' என்ற வைராக்கியத்தில் வந்து சேருகிறது. தகப்பனார் விசாரித்தால், "பழசைக் கொஞ்சம் ரிப்பேர் பண்ணினேன் அப்பா" என்பதே விடை.